பழைய அரசு லேப்டாப்புக்கு எஸ்.எஸ்.டி. போடலாமா? ஒரு நிகழ்வு ஆய்வு

2011 செப்டம்பர் 15-ஆம் தேதி தமிழக அரசு விலையில்லா லேப்டாப் திட்டத்தைத் தொடங்கியபோது கொடுத்த மெஷினில் 2 ஜிபி ரேமும் 320 ஜிபி ஹார்ட் டிஸ்க்கும் இருந்தன. சில வருஷம் கழித்து வந்த லெனோவோ இ41 வரிசையில் ரேம் 4 ஜிபி, டிஸ்க் பெரும்பாலும் 500 ஜிபி. 2025-இல் தமிழக அரசின் எல்காட் நிறுவனம் மறுபடியும் டெண்டர் விட்டபோது கேட்டது 8 ஜிபி ரேம், 256 ஜிபி எஸ்.எஸ்.டி. (சுழலும் தட்டுக்குப் பதில் சிப்பில் சேமிக்கும் டிரைவ்). ரேம் நாலு மடங்காகியிருக்கிறது. சேமிக்கும் இடமோ 320-இலிருந்து 256-க்கு இறங்கியிருக்கிறது. இடம் குறைந்தால் குறையட்டும், சுழலும் டிஸ்க் வேண்டாம் என்று டெண்டர் எழுதுகிறவர்களே முடிவுக்கு வந்துவிட்டார்கள். வீட்டில் கிடக்கும் பழைய மெஷினில் அதே மாற்றத்தை நாமே செய்தால் காசுக்குத் தேறுமா என்பதுதான் இங்கே கேள்வி.

ஆய்வுக்கு எடுத்துக்கொண்டது நடு வரிசை மெஷின்: 4 ஜிபி ரேம், நிமிடத்துக்கு 5,400 சுற்று சுழலும் 2.5 அங்குல 500 ஜிபி ஹார்ட் டிஸ்க், விண்டோஸ் 10, இன்னொரு பார்ட்டிஷனில் (டிஸ்க்கின் பிரித்த பகுதி) பாஸ் லினக்ஸ் என்ற இந்திய ஓ.எஸ். பேட்டரி செத்துப்போயிருக்கிறது, சார்ஜரைப் பிடுங்கினால் அணைந்துவிடும். இது ஒரு தனி லேப்டாப்பின் கதை அல்ல, இந்த வகை மெஷினுக்கான கணக்கு. செய்யும் வேலையும் தெரிந்ததுதான்: வேர்டு, எக்செல், பிரவுசரில் நாலைந்து டேப், அரசு வேலைக்கு ஆன்லைன் விண்ணப்பம், யூடியூப் பாடம், கொஞ்சம் போட்டோ. புகாரும் எல்லா வீட்டிலும் ஒன்றுதான்: ஆன் செய்துவிட்டு டீ போட்டுக் குடித்துவிட்டு வரலாம்.

எங்கே காத்திருக்கிறது?

எதையும் வாங்குவதற்கு முன் ஐந்து நிமிடம் செலவழித்துப் பார்க்க வேண்டியது ஒன்று. லேப்டாப் திணறும்போது கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் திறக்கும். அதில் பெர்ஃபாமன்ஸ் பகுதிக்குப் போய் டிஸ்க்கைத் தொடுங்கள். இந்த மெஷினில் வழக்கமாகத் தெரிவது இதுதான்: டிஸ்க் 100 சதவீதம், சி.பி.யு. 20 அல்லது 30. ஆனால் அந்த 100 சதவீத உழைப்புக்குக் கீழே படிக்கும் வேகம் என்ன என்று பார்த்தால் நொடிக்கு ஓர் எம்.பி., இரண்டு எம்.பி. ஆவரேஜ் ரெஸ்பான்ஸ் டைம் என்ற இடத்தில் நூற்றுக்கணக்கான மில்லிசெகண்ட். நொடிக்கு 100 எம்.பி. தரக்கூடிய டிஸ்க் முழு மூச்சாக ஓடி 1 எம்.பி. தருகிறது.

காரணம் சுழற்சி. 5,400 சுற்று என்றால் நொடிக்கு 90 சுற்று, ஒரு சுற்றுக்கு 11.1 மில்லிசெகண்ட். தட்டில் டேட்டா இருக்கும் இடம் (செக்டார்) அதைப் படிக்கும் முனைக்கு (ஹெட்) அடியில் வர சராசரியாக அரைச் சுற்று காத்திருக்க வேண்டும்: 5.6. அதற்கு முன் ஹெட் அந்த வட்டப் பாதைக்கு (டிராக்) நகர வேண்டும், லேப்டாப் டிஸ்க்கில் அதற்குச் சுமார் 12. ஆக ஒரு துண்டு டேட்டாவை எடுக்க 17, 18 மில்லிசெகண்ட். நொடிக்கு 57 துண்டுக்கு மேல் கிடைக்காது. விண்டோஸ் கேட்கும் துண்டு பல நேரம் 4 கேபி அளவுதான். 57-ஐ 4-ஆல் பெருக்கினால் நொடிக்கு 228 கேபி. ஒரு எம்.பி.யில் கால் பங்குகூட இல்லை.

எஸ்.எஸ்.டி.யில் நகரும் பாகமே கிடையாது. சாதாரண சாட்டா எஸ்.எஸ்.டி.யில் (சாட்டா என்பது டிஸ்க்கை போர்டோடு சேர்க்கும் வழக்கமான இணைப்பு) அதே 4 கேபி துண்டு 0.1 மில்லிசெகண்டில் வந்துவிடும், நொடிக்குச் சுமார் 10,000 துண்டு, அதாவது 40 எம்.பி. பெட்டியில் பெரிய எழுத்தில் போட்டிருக்கும் 500, 550 எம்.பி. என்பது பெரிய ஃபைலைத் தொடர்ச்சியாகப் படிக்கும் வேகம். அந்தக் கணக்கில் பார்த்தால் ஹார்ட் டிஸ்க்கைவிட ஐந்து மடங்குதான் அதிகம். உண்மையான வித்தியாசம் சின்னத் துண்டுகளில் இருக்கிறது, அங்கே அது 170 மடங்கைத் தாண்டும். பெட்டியில் அதைப் பெரிதாகப் போடுவதில்லை, 40 என்ற எண்ணுக்கு விற்பனைக் கவர்ச்சி இல்லை போலும்.

பூட் ஆவது, பிரவுசர் திறப்பது, ஆன்டிவைரஸ் மேய்வது எல்லாமே இப்படிச் சின்னச் சின்ன வாசிப்புகள்தான். பத்தாயிரம் துண்டை நொடிக்கு 57 என்று எடுத்தால் 175 நொடி, அதாவது மூன்று நிமிடம். எஸ்.எஸ்.டி.யில் அது ஒரு நொடி. நடைமுறையில் விண்டோஸ் சிலவற்றை முன்கூட்டியே வரிசைப்படுத்திப் படிக்கும், டிஸ்க்கும் கோரிக்கைகளை வசதியான வரிசையில் அடுக்கிக்கொள்ளும், அதனால் ஹார்ட் டிஸ்க் இவ்வளவு மோசமாகவும் போகாது. ஆனாலும் டெஸ்க்டாப் தெரிந்து, பிரவுசர் திறந்து, டைப் அடிக்கக்கூடிய நிலைக்கு வர ஒன்றரை முதல் மூன்று நிமிடம் எடுத்த மெஷின், எஸ்.எஸ்.டி. போட்டதும் அரை நிமிடத்துக்குள் வருவது சாதாரணம்.

டாஸ்க் மேனேஜரில் டிஸ்க் சும்மா இருந்து சி.பி.யு. 100-இல் நின்றால் கதை வேறு. யூடியூபில் வீடியோ தடுக்கித் தடுக்கி ஓடுவது பெரும்பாலும் அந்த வகை. அதற்கு எஸ்.எஸ்.டி. மருந்தாகாது. வீடியோவை 480-க்கு இறக்கினால் செலவில்லாமல் தீரும்.

ரேமா, டிஸ்க்கா?

கடையில் முதலில் சொல்வது 'ரேம் ஏத்துங்க'. 4 ஜிபி மெஷினில் இரண்டும் ஒன்றோடொன்று பின்னியவை. ரேம் நிரம்பியதும் விண்டோஸ் பழைய பக்கங்களைத் தூக்கி டிஸ்க்கில் உள்ள பேஜ் ஃபைலில் வைக்கிறது, தேவைப்படும்போது திரும்ப எடுக்கிறது. அந்தப் போக்குவரத்தும் 4 கேபி துண்டுகளில்தான். அதனால் ரேம் பற்றாக்குறை ஹார்ட் டிஸ்க்கில் பத்து மடங்கு வலிக்கும், எஸ்.எஸ்.டி.யில் லேசாகக் கிள்ளும். ரேமை 8 ஆக்கினால் டேப் மாற்றும்போது வரும் தடங்கல் போகும், ஆனால் காலையில் பூட் ஆகும் நேரம் அப்படியேதான் இருக்கும். ஒன்றுதான் முடியும் என்றால் 4 ஜிபி மெஷினில் முதலில் எஸ்.எஸ்.டி. 2011 காலத்து 2 ஜிபி மெஷினில் இரண்டும் வேண்டும். அங்கே எஸ்.எஸ்.டி. மட்டும் போட்டால் ஒரு மாதம் சந்தோஷம், அப்புறம் பழைய பாட்டு.

இன்னொரு செலவுக் கேள்வியும் உண்டு. விண்டோஸ் 10-க்கு மைக்ரோசாஃப்ட் கொடுத்துவந்த ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் முடிந்தது. வீட்டுப் பயனர்களுக்கான நீட்டிப்புத் திட்டத்தில் சேர்ந்தால் பாதுகாப்பு அப்டேட் 2026 அக்டோபர் 13 வரை. விண்டோஸ் 11 கேட்பது டி.பி.எம். 2.0 என்ற பாதுகாப்புச் சிப், இன்டெல் என்றால் 8-ஆம் தலைமுறை முதல், இந்த மெஷின்கள் பெரும்பாலானவை அந்த வாசலில் நிற்கவே முடியாது. அதனால் 'எஸ்.எஸ்.டி. போட்டு இன்னும் ஐந்து வருஷம் விண்டோஸில் ஓட்டலாம்' என்று எண்ணி வாங்கினால் கணக்கு பொய்க்கும். லினக்ஸ் மின்ட்டின் எக்ஸ்.எஃப்.சி.இ. பதிப்பு 4 ஜிபி ரேமில் எஸ்.எஸ்.டி.யோடு நன்றாகவே ஓடும். ஓ.எஸ். எதுவானாலும் டிரைவ் நம் கையில்தான் இருக்கும், நாளை வேறு லேப்டாப்பிலோ யு.எஸ்.பி. கேஸிங்கிலோ போட்டுக்கொள்ளலாம். கீல் உடைந்து, கீபோர்டில் பாதி எழுத்து வேலை செய்யாத மெஷினுக்கு இந்தச் செலவே வேண்டாம்.

பழைய டிஸ்க்கின் உடம்பு எப்படி?

வேகம் குறைவதற்கு டிஸ்க்கின் இயல்பு மட்டுமே காரணமாக இருக்க வேண்டியதில்லை, அது செத்துக்கொண்டும் இருக்கலாம். கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ என்ற இலவச மென்பொருளைத் திறந்து மூன்று வரியைப் பாருங்கள்: ரீஅலோகேட்டட் செக்டார், கரன்ட் பெண்டிங் செக்டார், அன்கரெக்டபிள் செக்டார். மூன்றும் பூஜ்யமாக இருந்தால் நிம்மதி. பெண்டிங்கில் எண் இருந்தால் அந்த டிஸ்க் சில இடங்களைப் படிக்க முடியாமல் திரும்பத் திரும்ப முயல்கிறது என்று பொருள். அந்த நிலையில் நேரடியாகக் குளோன் (டிஸ்க்கை அப்படியே நகலெடுப்பது) செய்ய உட்கார்ந்தால் பாதியில் தொங்கும், தொங்கும் நேரமெல்லாம் டிஸ்க் மேலும் கெடும். முதலில் சான்றிதழ் ஸ்கேன், போட்டோ என்று முக்கியமானதை வெளியே எடுங்கள். பிறகு குளோனை மறந்துவிட்டு ஓ.எஸ்.ஸைப் புதிதாகப் போடுங்கள். சி.ஆர்.சி. எரர் என்ற வரியில் மட்டும் எண் கூடியிருந்தால் டிஸ்க்கைக் குறை சொல்லாதீர்கள், அது கனெக்டரோ கேபிளோ சரியாகப் பிடிக்காததால் வருவது.

அதே திரையில் டிரான்ஸ்ஃபர் மோடு என்ற இடத்தையும் பார்த்துக்கொள்ளலாம். சாட்டா 600 என்றால் மெஷின் முழு வேகத்துக்குத் தயார். ஆரம்பகால மெஷினில் 300 என்று காட்டலாம், 'பழைய போர்டு, எஸ்.எஸ்.டி. வேஸ்ட்' என்று யாராவது சொன்னால் இதை வைத்துத்தான் சொல்கிறார்கள். நாம் வாங்குவது சின்னத் துண்டுகளின் 40 எம்.பி.யை. 300 என்ற தடை அதைத் தொடவே தொடாது.

எதை வாங்குவது

இந்த மெஷினுக்கு 2.5 அங்குல சாட்டா எஸ்.எஸ்.டி., 7 மில்லிமீட்டர் தடிமன், 240 அல்லது 256 ஜிபி. பழைய டிஸ்க் 9.5 மில்லிமீட்டர் என்றால் புதியது உள்ளே ஆடும், கூடவே வரும் பிளாஸ்டிக் சட்டத்தை ஒட்டிக்கொள்ள வேண்டும், வரவில்லையென்றால் சரியான அளவில் வெட்டிய அட்டையும் வேலை செய்யும். எம்.2 என்ற மெல்லிய கார்டு வடிவம் விலை குறைவாக இருக்கிறதே என்று வாங்குவதற்கு முன் அடி மூடியைத் திறந்து ஸ்லாட் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தாலும், அது சாட்டா மட்டும் ஏற்பதா என்.வி.எம்.இ. ஏற்பதா என்பது வேறு கேள்வி. உருவம் ஒன்று, மொழி இரண்டு. கார்டு பொருந்தி உட்கார்ந்த பிறகும் பயாஸில் (ஓ.எஸ். எழும்பும் முன் வரும் அமைப்புத் திரை) தெரியாமல் போவது இதனால்தான்.

240 ஜிபி வகை 2023-இல் சுமார் 1,500 ரூபாய்க்கே கிடைத்தது. ஏ.ஐ. டேட்டா சென்டர்களுக்கான தேவையால் 2025 கடைசியில் இருந்து ரேம் விலையும் எஸ்.எஸ்.டி.க்குள் இருக்கும் ஃபிளாஷ் சிப் விலையும் சேர்ந்து ஏறின. விலை ஏறும் காலத்தில்தான் போலிகளும் பெருகும். சில நூறு ரூபாய்க்கு '2 டிபி போர்ட்டபிள் எஸ்.எஸ்.டி.' என்று வருவதைத் திறந்தால் உள்ளே மெமரி கார்டு ஒட்டிய ஒரு சின்ன போர்டு இருக்கும். அது கம்ப்யூட்டரிடம் 2 டிபி என்று பொய் சொல்லும், உண்மையான இடம் தீர்ந்ததும் வரும் ஃபைலையெல்லாம் சத்தமில்லாமல் தொலைக்கும். சந்தேகம் இருந்தால் ஹெச்2டெஸ்ட்டபிள்யூ மென்பொருளில் முழு இடத்தையும் எழுதிப் படித்துப் பார்த்தால் சாயம் வெளுத்துவிடும்.

ஆயுள் பற்றிய பயம் அநேகமாக எல்லோருக்கும் இருக்கிறது: எஸ்.எஸ்.டி.யில் எழுத எழுதத் தேயுமாமே? தேயும்தான். தயாரிப்பாளர் அதை டி.பி.டபிள்யூ. என்ற எண்ணில் சொல்வார், மொத்தம் எத்தனை டிபி எழுதும் வரை உத்தரவாதம் என்று. மலிவான கிங்ஸ்டன் ஏ400-இன் 240 ஜிபி மாடலுக்கு அது 80. சாம்சங் 870 ஈவோவின் 250 ஜிபிக்கு 150. இந்த லேப்டாப்பில் நாளுக்கு 20 ஜிபி எழுதினாலே அதிகம். 80 டிபியை 20 ஜிபியால் வகுத்தால் 4,000 நாள், ஏறக்குறைய 11 வருஷம். அதற்குள் கீல் போயிருக்கும்.

ஒரு குறையை மட்டும் தெரிந்து வாங்க வேண்டும். விலை குறைந்த மாடல்களில் வேகத்துக்கு உதவும் தனி டி.ரேம் சிப் கிடையாது, சிலவற்றில் ஒரே செல்லில் நாலு பிட் திணிக்கும் மலிவான கியூ.எல்.சி. ஃபிளாஷ். 40 ஜிபி சினிமா ஃபோல்டரை ஒரே மூச்சில் உள்ளே தள்ளினால் முதல் சில ஜிபி சிட்டாகப் பறக்கும், தற்காலிக கேஷ் நிரம்பியதும் வேகம் 100 எம்.பி.க்குக் கீழே விழும். டிரைவ் கெட்டுவிட்டது என்று திருப்பிக் கொடுக்க ஓட வேண்டாம், அதன் குணமே அது. தினசரி வேலையில் இதை உணரவே மாட்டீர்கள்.

பேட்டரி கூடுதலாக நிற்கும் என்று யாராவது சொன்னால் கேட்டுக்கொள்ளுங்கள், அதற்காக வாங்காதீர்கள். 2.5 அங்குல ஹார்ட் டிஸ்க் ஓடும்போது எடுப்பதே 2 வாட் அளவுதான். லேப்டாப்பைப் பையில் போட்டுக்கொண்டு பைக்கிலும் டவுன் பஸ்ஸிலும் போகிறவருக்கு வேறு லாபம் உண்டு: மூடியை மூடியதும் ஸ்லீப் ஆகும் முன்பே தூக்கிப் போட்டால் சுழன்றுகொண்டிருக்கும் தட்டில் ஹெட் இடிக்கும் அபாயம் எஸ்.எஸ்.டி.யில் இல்லவே இல்லை.

மாற்றும் வேலை

தேவை: பி.ஹெச்.0, பி.ஹெச்.1 அளவு ப்ளஸ் முனை ஸ்க்ரூடிரைவர், சாட்டா–யு.எஸ்.பி. 3.0 அடாப்டர், ஒரு பென்டிரைவ். குளோன் செய்வதா, புதிதாக இன்ஸ்டால் செய்வதா என்பதை முதலில் தீர்மானியுங்கள். ஏழெட்டு வருஷக் குப்பை சேர்ந்த விண்டோஸைக் குளோன் செய்தால் குப்பை வேகமாக ஓடும், அவ்வளவுதான். ஆக்டிவேட் ஆன விண்டோஸ் 10-இன் உரிமம் போர்டோடு இணைந்தது, டிஸ்க் மாறினாலும் இன்டர்நெட் வந்ததும் தானே ஆக்டிவேட் ஆகும். எனவே புதிதாகப் போடுவதே எங்கள் பரிந்துரை. திரும்ப இன்ஸ்டால் செய்ய முடியாத மென்பொருள் ஏதாவது இருந்தால் மட்டும் குளோன்.

குளோன் என்றால் கணக்கு: 500-இலிருந்து 240-க்குப் போக, நிரம்பியிருப்பது 180, 190 ஜிபிக்குள் இருக்க வேண்டும். சினிமாவை வெளியே எடுங்கள், பிறகு டிஸ்க் மேனேஜ்மென்டில் பார்ட்டிஷனைச் சுருக்குங்கள். குளோன்ஜில்லா என்ற இலவச மென்பொருள் தன் இயல்பான அமைப்பில் பெரிய டிஸ்க்கிலிருந்து சின்னதுக்கு எடுக்காது, உள்ளே டேட்டா குறைவாக இருந்தாலும் டிஸ்க்கின் மொத்த அளவைத்தான் பார்க்கும். எஸ்.எஸ்.டி. தயாரிப்பாளர் தரும் இலவசக் குளோன் மென்பொருள் இதைத் தானே சரிசெய்துகொள்ளும். 150 ஜிபி நகர யு.எஸ்.பி. 2 போர்ட்டில் நொடிக்கு 35 எம்.பி. என்றால் ஒரு மணி நேரத்துக்கு மேல். நீல நிற நாக்கு உள்ள யு.எஸ்.பி. 3 போர்ட்டில் பழைய டிஸ்க் ஒத்துழைத்தால் அரை மணி. பாதியில் எஸ்.எஸ்.டி. காணாமல் போய்ப் போய் வந்தால் போர்ட்டில் கரண்ட் போதவில்லை என்று அர்த்தம், வேறு போர்ட்டில் போடுங்கள்.

இந்த லேப்டாப்புக்கே உரிய ஒரு குழியும் இருக்கிறது. இரண்டு ஓ.எஸ். இருக்கும் மெஷினில், குறிப்பாக ஆரம்பகால மாடல்களில், ஆன் செய்ததும் வரும் தேர்வுத் திரை லினக்ஸோடு வரும் க்ரப் என்ற பூட் மென்பொருள் காட்டுவது. க்ரப்பின் முதல் துண்டு டிஸ்க்கின் தலையில் உட்கார்ந்திருக்கும், மிச்சம் பாஸ் லினக்ஸ் பார்ட்டிஷனுக்குள் இருக்கும். 'லினக்ஸ் யாருக்கு வேண்டும்' என்று விண்டோஸ் பார்ட்டிஷனை மட்டும் குளோன் செய்தால், தலை புது டிஸ்க்குக்கு வந்துவிடும், உடம்பு பழைய டிஸ்க்கிலேயே தங்கிவிடும். மெஷின் கறுப்புத் திரையில் 'க்ரப் ரெஸ்க்யூ' என்று நின்றுவிடும். டிரைவில் குறையில்லை. விண்டோஸ் இன்ஸ்டால் பென்டிரைவில் பூட் செய்து, ரிப்பேர் பகுதியில் கமாண்ட் பிராம்ட் திறந்து, பூட்ரெக் கட்டளையை ஃபிக்ஸ் எம்.பி.ஆர். என்ற தேர்வோடு (bootrec /fixmbr) கொடுத்தால் விண்டோஸ் நேரடியாக எழும்பும்.

கழற்றும்போது சார்ஜரை எடுத்து, பேட்டரியைக் கழற்றி, பவர் பட்டனைப் பத்து நொடி அழுத்திவிட்டுத் தொடங்குங்கள். டிஸ்க்கைப் பிடித்திருக்கும் சட்டத்தின் ஸ்க்ரூவை எடுத்ததும் மேலே தூக்காதீர்கள், கனெக்டருக்கு எதிர்ப்பக்கம் இழுங்கள். தூக்கினால் போர்டில் உள்ள கனெக்டரின் கறுப்பு நாக்கு உடையும். அது உடைந்தால் டிஸ்க் மாற்றும் வேலை போர்டு வேலையாகிவிடும்.

புதிய டிரைவ் போட்டதும் பயாஸில் சாட்டா மோடு ஏ.ஹெச்.சி.ஐ. என்று இருக்கிறதா பாருங்கள். ஐ.டி.இ. என்று இருந்தால் இன்ஸ்டால் செய்வதற்கு முன்பே மாற்றுங்கள், இன்ஸ்டால் ஆன பிறகு மாற்றினால் நீலத் திரைதான் வரும். விண்டோஸ் வந்ததும் ஆப்டிமைஸ் டிரைவ்ஸ் பகுதியில் சாலிட் ஸ்டேட் டிரைவ் என்று காட்ட வேண்டும். காட்டினால் விண்டோஸ் டிஃப்ராக் (சிதறிய ஃபைல் துண்டுகளை ஒன்று சேர்ப்பது) செய்வதை விட்டுவிட்டு ட்ரிம் அனுப்பும். அழித்த ஃபைல்கள் இருந்த இடம் எது என்று எஸ்.எஸ்.டி.க்குச் சொல்லும் வேலை அது. தனியாக டிஃப்ராக் மென்பொருள் போட்டிருந்தால் நீக்கிவிடுங்கள்.

எப்படிச் சாகும்?

அமெரிக்க கிளவுட் சேமிப்பு நிறுவனமான பேக்பிளேஸ் தன் சர்வர்களில் பூட் டிரைவாக முதலில் ஹார்ட் டிஸ்க்கையும், 2018 கடைசியில் இருந்து எஸ்.எஸ்.டி.யையும் போட்டு, இரண்டின் பழுதுக் கணக்கையும் வெளியிட்டது. முதல் நாலு வருஷம் இரண்டும் ஏறக்குறையச் சேர்ந்தே போயின. ஐந்தாம் வருஷத்தில் ஹார்ட் டிஸ்க் வருஷத்துக்கு 3 சதவீதத்தைத் தாண்டியது, எஸ்.எஸ்.டி. 1 சதவீதத்தை ஒட்டியே நின்றது. அதே நிறுவனம் வாடிக்கையாளர்களின் டேட்டாவை வைத்திருப்பதோ 3 லட்சத்துக்கும் மேற்பட்ட ஹார்ட் டிஸ்க்குகளில். பூட் ஆக ஒன்று, கொட்டி வைக்க இன்னொன்று.

எஸ்.எஸ்.டி. சாகும் விதம்தான் பழக்கமில்லாதது. ஹார்ட் டிஸ்க் பல நேரம் டக் டக் என்று சத்தம் போட்டு, மெதுவாகி, சில ஃபைல்களை விழுங்கி எச்சரிக்கும். எஸ்.எஸ்.டி. நேற்று இருந்தது, இன்று பயாஸில் இல்லை. டேட்டா நிற்கும் செல் தேய்வதைவிட, டிரைவை இயக்கும் சிப்பான கண்ட்ரோலரும் அதற்குள் ஓடும் மென்பொருளான ஃபர்ம்வேரும்தான் பெரும்பாலும் காலை வாருகின்றன. க்ரூஷியல் எம்4 டிரைவ்கள் மொத்தம் 5,184 மணி நேரம் ஓடியதும் மணிக்கொரு முறை தொங்கத் தொடங்கின, 2012 ஜனவரியில் வந்த ஃபர்ம்வேர் அதைத் தீர்த்தது. 2019 நவம்பரில் சர்வர் தயாரிப்பாளரான ஹெச்.பி.இ. தன் சர்வர் எஸ்.எஸ்.டி.கள் சிலவற்றுக்கு விட்ட எச்சரிக்கை இன்னும் கொடுமை: 32,768 மணி நேரம், அதாவது 3 வருஷம் 270 நாள் 8 மணி நேரம் ஆனதும் டிரைவும் டேட்டாவும் மீட்க முடியாதபடி போய்விடும், அதற்குள் ஃபர்ம்வேரை மாற்றுங்கள் என்றது. ஒரே நாளில் நாலு டிரைவ் போட்டவருக்கு நாலும் ஒரே நாளில் போகும். ஒன்று போனாலும் மற்றவை காப்பாற்றட்டும் என்று பல டிரைவைச் சேர்த்துவைக்கும் ரெய்டு இருந்து என்ன பயன்?

நம் கேஸுக்கு வருவோம். செத்த பேட்டரிதான் இங்கே முதல் எதிரி. எந்த டேட்டா எந்தச் செல்லில் என்ற வரைபடத்தை எஸ்.எஸ்.டி. தானே எழுதிவைத்துக்கொள்கிறது. மலிவு மாடல்களில் கரண்ட் போகும் நொடியில் எழுதி முடிக்கத் தேவையான கெபாசிட்டர் இல்லை. பேட்டரி இல்லாத லேப்டாப்பில் கரண்ட் கட் என்பது எழுதும் கையைத் தட்டிவிடுவது போல. ஃபைசன் எஸ்11 கண்ட்ரோலர் உள்ள டிரைவ்களில் ஃபர்ம்வேர் குழம்பினால் பயாஸில் டிரைவின் பெயருக்குப் பதில் 'சாட்டாஃபர்ம் எஸ்11' என்று வரும். அந்தப் பெயரைப் பார்த்தால் உள்ளே இருந்த டேட்டா ஏறக்குறையப் போனது என்று வைத்துக்கொள்ளலாம். ஆகவே இந்த மெஷினில் எஸ்.எஸ்.டி. செலவோடு பேட்டரிச் செலவையும் சேர்த்துத்தான் கணக்குப் போட வேண்டும். அரை மணி நேரம் நிற்கும் பேட்டரி போதும், அல்லது ஒரு சின்ன யு.பி.எஸ்.

தவறுதலாக அழித்த ஃபைலை மீட்பதும் மாறிவிடுகிறது. ஹார்ட் டிஸ்க்கில் ரீசைக்கிள் பின்னைக் காலி செய்த பிறகும் ரெக்கவரி மென்பொருள் பலவற்றை எடுத்துக் கொடுக்கும். எஸ்.எஸ்.டி.யில் ட்ரிம் போனதும் அந்த இடம் பூஜ்யமாகத்தான் படிக்கும். கடையில் எவ்வளவு கொடுத்தாலும் வராது.

ஹார்ட் டிஸ்க்குக்கு மிச்சமான வேலைகள்

எஸ்.எஸ்.டி. வேகத்தை ருசித்தவர்கள் அடுத்துச் செய்யும் தப்பு, கடையில் உள்ள சிசிடிவி டி.வி.ஆரிலும் அதையே போடுவது. நாலு கேமரா, ஒவ்வொன்றும் நொடிக்கு 2 மெகாபிட் என்றால் மொத்தம் நொடிக்கு 1 எம்.பி., நாளுக்கு 86 ஜிபி, வருஷத்துக்கு 31 டிபிக்கு மேல். 80 டி.பி.டபிள்யூ. உள்ள 240 ஜிபி எஸ்.எஸ்.டி. இரண்டரை வருஷத்தில் தன் கணக்கை முடித்துவிடும், அதிலும் மூன்று நாள் பதிவுகூட நிற்காது. 1 டிபி ஹார்ட் டிஸ்க்கில் பதினொரு நாள் நிற்கும். சிசிடிவிக்கென்றே விற்கும் டிஸ்க்குகள் வருஷத்துக்கு 180 டிபி வேலைக்குச் செய்யப்பட்டவை. வீடியோ பதிவு என்பது நீளமாக, வரிசையாக எழுதும் வேலை, ஹெட் அங்குமிங்கும் ஓட வேண்டியதில்லை, எஸ்.எஸ்.டி.யின் 170 மடங்குக்கு அங்கே வேலையே இல்லை.

பேக்கப் எடுத்து அலமாரியில் வைப்பதும் அப்படித்தான். ஃபிளாஷ் செல்லில் டேட்டா மின்னேற்றமாக நிற்கிறது, கரண்ட் இல்லாமல் வைத்தால் மெல்லக் கசியும், வெயிலில் வேகமாகக் கசியும். சிப் துறையின் தர அமைப்பான ஜெடெக்கின் தரவிதி சாதாரண எஸ்.எஸ்.டி.யிடம் எதிர்பார்ப்பது, எழுத்து ஆயுள் முடிந்த நிலையில் 30 டிகிரியில் ஒரு வருஷம். புது டிரைவில் இதைவிட நிறையவே தாங்கும், இருந்தாலும் மே மாத மெத்தை வீட்டு அலமாரி 30 டிகிரியில் இருக்காது.

கழற்றிய 500 ஜிபி டிஸ்க்குக்கு அந்த வேலையையே கொடுக்கலாம், மேலே சொன்ன மூன்று வரியும் பூஜ்யமாக இருந்தால் மட்டும். யு.எஸ்.பி. கேஸிங்கில் போட்டு, மாற்றிய தேதியை மேலே எழுதி ஒட்டுங்கள். முதல் ஒரு மாதம் எதையும் அழிக்காதீர்கள், புது டிரைவ் காலை வாரினால் பழையதைத் திரும்ப மாட்டி அன்றே வேலையைத் தொடரலாம். டி.வி.டி. டிரைவ் உள்ள மாடலில் அதைக் கழற்றிவிட்டு, அந்த இடத்தில் பொருந்தும் கேடி (caddy) என்ற சட்டத்தில் இந்த டிஸ்க்கை உள்ளேயே வைத்துக்கொள்ளவும் முடியும், 9.5 மில்லிமீட்டரா 12.7-ஆ என்று அளந்து கேடி வாங்குங்கள்.

எஸ்.எஸ்.டி.க்கு வாரண்டி மூன்று வருஷம் என்றால் அதற்கான பில் பெரும்பாலும் தெர்மல் பேப்பரில் வருகிறது, அதன் எழுத்து ஒரு வருஷத்திலேயே மங்கிவிடும். வாங்கிய அன்றே பில்லையும் டிரைவின் மேல் உள்ள சீரியல் நம்பரையும் போட்டோ எடுத்து மெயிலில் போட்டு வையுங்கள். அதே எஸ்.எஸ்.டி.யில் மட்டும் வைத்துவிடாதீர்கள்.